ஏசுவீங்கன்னுதான் சொல்லல

விடியற்காலை நான்கரை மணிக்கு அந்த ஆச்சியை அவருடைய மகன் ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவந்தபோது, சேலை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. பெயரைக் கேட்டால் பதில் இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 48. குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்து மகனைத் தேடினார். ஆனால் ரத்த அழுத்தம் 90-ஐத் தாண்டவில்லை, வாந்தியும் நிற்கவில்லை. சர்க்கரை இறங்கியது மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று தோன்றியதும், மகனை வீட்டுக்கு அனுப்பி, ஆச்சி சாப்பிடுகிற மருந்துகள் அத்தனையையும் எடுத்துவரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த மஞ்சள் பைக்குள் நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டைகளுக்கு அடியில் பெயரும் ஊரும் ஒட்டப்படாத ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அடியில் ஒரு சிட்டிகை பழுப்பு நிறப் பொடி மட்டும் மிச்சம்.

மூட்டு வலிக்கு வாங்கிய சூரணம் அது. நாற்பது வருடம் சம்மணமிட்டுப் பீடி சுற்றிய முழங்கால்கள் ஆச்சிக்கு. சந்தைக்கு வரும் ஒரு வியாபாரி கொடுத்த அந்தப் பொடியைச் சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லையாம். நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். பத்து நாளாக வியாபாரி சந்தைக்கு வராததால் மருந்து தீர்ந்துபோயிருந்தது.

அந்த நான்கு மாதமும் அவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு வருடமாக ஒரே மாத்திரையில் கட்டுப்பட்டிருந்த சர்க்கரை திடீரென்று 280, 310 என்று ஏறியது. ‘இனிப்புச் சாப்பிட்டீர்களா, கல்யாண வீட்டுக்குப் போனீர்களா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா’ என்று கேட்டேன். மாத்திரையைக் கூட்டினேன்; இரண்டாவதாக ஒன்றையும் சேர்த்தேன். கன்னங்கள் உப்பி முகம் வட்டமாகியிருந்ததையும், முன்கையில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் தோன்றியிருந்ததையும் என் கண்கள் பார்த்தன. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. பொடியைச் சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல் ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு இருந்தது; அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போகும்போது உடம்பு தான் சுரப்பதை நிறுத்திவிடும். அது சட்டென்று நின்றால் அழுத்தம் தாங்காது, சர்க்கரையும் தாங்காது. அதற்கு மேல், ஏறிய சர்க்கரைக்காக நான் கூட்டிய மாத்திரையும் உள்ளே இருந்தது. ஹைட்ரோகார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போட்ட சில மணி நேரத்தில் ஆச்சி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

அன்று மாலை அவர் கட்டிலருகே உட்கார்ந்து, “ஏன் ஆச்சி, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?” என்றேன்.

“ஏசுவீங்கன்னுதான் சொல்லல, டாக்டரம்மா.”

அவர் சொன்னது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் பேரனுக்கு மஞ்சள் காமாலை என்று அழைத்துவந்தவர், கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்ததாகச் சொன்னார். வெளியே பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, அவர்கள் காதில் விழும்படி நான் ஏசினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை.

ஒரு குடும்ப மருத்துவர் மாற்று மருத்துவத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அந்த அபிப்பிராயம் நோயாளியின் மருந்துப் பட்டியலில் எது எனக்குத் தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை அந்த விடியற்காலைதான் எனக்குக் காட்டியது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அன்று. அமெரிக்காவில் 1990-இல் 1,539 பேரிடம் எடுத்து 1993-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு மருத்துவ உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. மூவரில் ஒருவர் மாற்று மருத்துவம் எதையாவது நாடியிருந்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை.

நாங்கள் எப்படி இப்படி ஆனோம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ். படிப்பில், நான் படித்த காலத்தில், சித்த மருத்துவத்துக்கென்று ஒரு மணி நேர வகுப்பும் இல்லை. மருந்தியல் பாடத்தில் சர்ப்பகந்தா ஒரு முறை வந்து போனது: அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகுக்கு எடுத்துக்காட்டினார் என்ற ஒரு வரியோடு. மற்றபடி நாட்டு மருந்து என்ற சொல்லை நாங்கள் கேட்டதெல்லாம் வார்டில்தான். சிறுநீரகம் கெட்டு வந்தவர், கல்லீரல் கெட்டு வந்தவர், இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மயங்கி வந்தவர் ஆகியோரின் கேஸ் ஷீட்டில்தான் அந்தச் சொல் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பயிலும் மாணவன் பார்ப்பது கெட்டுப்போனவர்களை மட்டுமே. அதே கஷாயத்தைக் குடித்து எதுவும் ஆகாமல் வயலுக்குப் போனவனை அவன் பார்ப்பதில்லை. மாறாக, சிற்றூரில் உட்கார்ந்திருக்கும் வைத்தியர் பார்ப்பது பெரும்பாலும் தானாகவே ஆறிப்போகிற நோய்களை. ஆறியதெல்லாம் மருந்தால் ஆறியது என்று அவருக்குத் தோன்றுகிறது. இரு தரப்பும் பார்ப்பது பாதிக் காட்சியைத்தான். குடும்ப மருத்துவர் ஒருவர்தான் இரண்டு பாதியையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறார் என்பது என் எண்ணம். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வார்டில் கற்ற பார்வையை மட்டும் நான் வைத்திருந்தேன்.

என் சிறு வயதில் எங்கள் தெருவுக்கு இருந்த டாக்டரின் பலகையில் பெயருக்குப் பின்னால் எல்.ஐ.எம். என்று எழுதியிருக்கும். அதன் பொருள் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1921-இல் சென்னை மாகாண அரசு, முகமது உஸ்மான் தலைமையில் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய ஒரு குழு அமைத்தது. அதன் செயலாளராக இருந்த கேப்டன் சீனிவாசமூர்த்தி நவீன மருத்துவம் படித்தவர். குழுவின் அறிக்கை 1923-இல் வந்தது. அதைத் தொடர்ந்து சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது, சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு உடற்கூறும் அறுவை சிகிச்சையும் அங்கே கற்பித்தார்கள். அங்கே படித்து வெளியே வந்தவர்கள்தான் எல்.ஐ.எம். (லைசென்ஷியேட் இன் இந்தியன் மெடிசின்) டாக்டர்கள். கீழ்ப்பாக்கத்தில் இருந்த அந்த நிறுவனம் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியாக மாறி, கடைசியில் 1960-இல் முழுக்க நவீன மருத்துவக் கல்லூரியானது. சித்த மருத்துவத்துக்கு 1964-இல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்தது. இரண்டு பாதைகளும் பிரிந்தன. பிரிந்ததில் நியாயமும் இருக்கிறது. அரைகுறையாக இரண்டையும் கற்பதைவிட ஒன்றை முழுமையாகக் கற்பது நல்லது. ஆனால் எங்கள் தெரு டாக்டர் சளிக்கு மிக்சரும் கொடுப்பார், தாளிசாதிச் சூரணத்தைத் தேனில் குழைக்கவும் சொல்வார். அதனால் அவரிடம் யாரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சௌகரியம் பாதைகள் பிரிந்தபோது நோயாளிகளின் கையிலிருந்து போய்விட்டது.

கீழாநெல்லிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் நான் ஏசியது அதைப் பற்றித்தான். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கிருமியை நாட்பட உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அதன் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. நம் வீட்டுக் கொல்லைச் செடி உலகின் முதன்மை மருத்துவ இதழில் ஏறிய தருணம் அது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. இன்று ஹெபடைடிஸ்-பி இருப்பவரிடம் கீழாநெல்லி போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செடியை மதித்து, சோதித்து, முடிவு நிற்கவில்லை என்றால் அதையும் ஒப்புக்கொள்வதற்கு அந்தக் கதை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஆச்சியின் பேரனுக்கு வந்தது ஹெபடைடிஸ்-ஏ. அது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி அதைக் குணமாக்கியிருக்காது. மோரில் கலந்த அந்த உருண்டை கெடுதலும் செய்திருக்காது. மயக்கமோ ஓயாத வாந்தியோ கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்பதுதான் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம். அதைச் சொன்னேனா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

எங்களிடம் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. கீழாநெல்லியைக் கேட்டுக் கோபப்படும் அதே மருத்துவர்கள் மஞ்சள் காமாலைக்கு லிவ்.52 எழுதுகிறோம். அதுவும் காசினி முதலான மூலிகைகளால் ஆனதுதான். 1955 முதல் கடைகளில் இருக்கிறது. டெங்குக் காலத்தில் பப்பாளி இலைச் சாற்றைக் குடிக்காதே என்றவர்கள், அதே இலைச் சாறு மாத்திரையாக வந்தபோது சீட்டில் எழுதினார்கள். செடியாக இருந்தால் மூடநம்பிக்கை, அட்டையில் வந்தால் மருந்து என்ற நிலை. நோயாளிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. நானும் அப்படி எழுதியவள்தான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

2012 கோடையில் கடையநல்லூரில் டெங்கு பரவியபோது எங்கள் பக்கத்தில் பயம் வீடு வீடாக நின்றது. அரசே நிலவேம்புக் குடிநீரை ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு அதில் சேரும். டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது. அதைத் தாண்டினால் தட்டணுக்கள் தாமாகவே ஏறும். அந்த ஏற்றத்தின் பெருமை கடைசியாக எதைக் குடித்தோமோ அதற்குப் போய்விடும். குடிநீர் டெங்குவைக் குணமாக்கும் என்று நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அந்தக் கோடையில் என் கிளினிக் வாசலில் நின்று அதைத் திட்டிய நேரத்துக்கு, வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தால் அதிகப் பயன் இருந்திருக்கும். கசப்பான அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தைரியமாக இரண்டு நாள் தாமதிப்பதில்தான் ஆபத்து இருந்தது.

இப்படிச் சொல்வதால், எல்லாம் நல்லதுதான் என்று தலையாட்டும் மருத்துவர்களின் பக்கம் நான் போய்விட்டதாக யாரும் எண்ண வேண்டாம். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவதும் ஒருவகை அலட்சியம்தான்; ஏசுவதில் இருக்கும் அக்கறைகூட அதில் இல்லை. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிப்போனது 1993-இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான அரிஸ்டோலோகிக் அமிலம், நம் ஊர் வேலிகளில் படரும் ஆடுதின்னாப்பாளையின் குடும்பத்துக்கே உரியது. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆடு தின்னாததை நாம் கஷாயம் வைக்கிறோம்.

ஆனால் ஏசும்போது நான் செய்த பெரிய தவறு, எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான். டப்பாவில் பெயரில்லாமல் பொடி விற்பவரும், பாளையங்கோட்டையில் ஐந்தரை வருடம் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். ஆச்சியின் சம்பவத்துக்குப் பிறகு, பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவப் பிரிவில் இருப்பவரைத் தேடிப் போனேன். இருபது வருடம் ஒரே ஊர் நோயாளிகளைப் பார்த்த இருவர் அன்றுதான் முதன்முறையாகப் பேசினோம்.

அவர் அறைக்குப் பின்னால் சிறிய மூலிகைத் தோட்டம் வைத்திருந்தார். சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைப் பறித்து என்னிடம் நீட்டி, மென்று துப்பச் சொன்னார். லேசான கசப்பு. பிறகு ஒரு கரண்டி சீனியை வாயில் போடச் சொன்னார். நாக்கில் மணல் கிடந்தது போல இருந்தது. இனிப்பு ஒரு துளியும் இல்லை. பல்லில் நறநறவென்று அரைபட்டு, கரைந்து, வெறும் நீராக இறங்கியது. கால் மணி நேரத்துக்கு மேல் காப்பிகூட எனக்கு இனிக்கவில்லை. “இத சுகர் மாத்திரையோட சேத்துச் சாப்பிடுறவங்க உங்க கிளினிக்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கீங்க, டாக்டர்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இலை நாக்கில் செய்வது வேறு, ரத்தச் சர்க்கரையில் செய்வது வேறு; இரண்டாவதற்கு இன்னும் நல்ல ஆய்வுகள் வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டுச் சர்க்கரை இறங்கினால், அது என் மாத்திரையால் இறங்கியது என்றுதான் நான் எழுதிவைத்திருப்பேன் என்பது எனக்கு உறைத்தது.

அவரிடம் கற்ற இன்னொன்று பேச்சு. நம் மக்கள் உடம்பைப் பற்றிப் பேசும் மொழியே அந்த மருத்துவத்தின் மொழிதான். பித்தம் தலைக்கேறிவிட்டது, வாயு பிடித்துக்கொண்டது, சூட்டினால் நீர்க்கடுப்பு, இங்கிலீஷ் மருந்து சூடு என்பார்கள். நான் அதைக் கேட்டுப் புன்னகைப்பேன் அல்லது திருத்துவேன். ‘பத்தியம் என்ன?’ என்று கேட்டால், ‘எல்லாம் சாப்பிடலாம்’ என்று பெருமையாகச் சொல்வேன். நோயாளி ஏமாற்றத்தோடு எழுந்து போவார். தன் பங்குக்குச் செய்ய ஏதாவது ஒரு வேலையை அவர் கேட்டார் என்பது எனக்குப் புரியவே இல்லை. இப்போது ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைப் பத்தியம் என்றே சொல்கிறேன். உப்பைக் குறையுங்கள் என்று நான் வருடக்கணக்கில் சொன்னதைவிட அது அதிகமாகக் கேட்கிறது.

கேள்வியையும் மாற்றினேன். ‘நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால், கேட்கும் தொனியிலேயே போலீஸ் விசாரணை இருக்கிறது. இல்லை என்ற பதில் தயாராக வரும். இப்போது, ‘இதுக்கு வேற என்னென்ன செஞ்சு பாத்தீங்க, எது கேட்டுச்சு?’ என்கிறேன். பதில் கொட்டுகிறது. கருஞ்சீரகம், ஆவாரம்பூ, வெந்தயம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வெண்டைக்காய்த் தண்ணீர், மலையிலிருந்து வந்த தைலம் என எல்லாம் வெளியே வருகிறது. பெரும்பாலானவற்றுக்கு, ‘சரி, சாப்பிடுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க’ என்பதே போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர், சிறுநீரகம் தளர்ந்தவர், கர்ப்பிணி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர் என்றால் நிறுத்தச் சொல்கிறேன். ஏன் என்றும் சொல்கிறேன். பெயரில்லாத டப்பா, மூன்றே நாளில் வலி போக்கும் பொடி, சர்க்கரையை அடியோடு குணமாக்குவதாகச் சொல்லும் லேகியம் என்றால் விட்டுக்கொடுப்பதில்லை. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்கிறேன். குரலை உயர்த்துவதில்லை.

சித்தா டாக்டருக்கும் எனக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. பாதரசம் சேரும் மருந்துகளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசினால் அது விவாதமாகத்தான் முடிகிறது. நச்சு நீங்க முறைப்படி சுத்தி செய்தால் பயமில்லை என்கிறார் அவர், ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்த சான்று வேண்டும் என்கிறேன் நான். ஆனால் நெஞ்சு அடைக்கிறது என்று போன ஒருவரை வாயுப் பிடிப்பு என்று வைத்துக்கொள்ளாமல், தன் ஸ்கூட்டரிலேயே என்னிடம் அழைத்துவந்தவர் அவர். நானும் இப்போது நாட்பட்ட காளாஞ்சகப் படையோடு (சோரியாசிஸ்) வந்து களிம்புகளில் சலித்துப்போனவர்களிடம், அவரைப் பார்க்கலாம் என்று சொல்லத் தயங்குவதில்லை. அவர் கொடுக்கும் வெட்பாலைத் தைலம் வெயிலில் ஊறி ஊதா நிறமேறிய தேங்காய் எண்ணெய். அரிப்பு அடங்குகிறது என்று திரும்பி வந்து சொல்பவர்களின் பேச்சை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஆச்சிக்கு ஸ்டீராய்டை அளவாகக் குறைத்துக் குறைத்து நிறுத்த ஏழு மாதம் ஆனது. முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. அதற்குத் தசைப் பயிற்சியும், அளவான வலி மாத்திரையும், சித்தா டாக்டரின் தைலமும் நடக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அந்த மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். போன முறை மாத்திரை அட்டைகள், தைலக் குப்பி, வெந்தயப் பொடி எல்லாம் முடிந்த பிறகு, பையின் மூலையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார்.

“இது வெறும் அங்காயப் பொடி, டாக்டரம்மா. சோத்துல போட்டுச் சாப்பிடுறது. இதயும் எழுதிக்கிடுவீங்களா?”

பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். சுண்டைக்காய், வேப்பம்பூ, சுக்கு, கொஞ்சம் பெருங்காயம். சுகர் நோட்டில் அடுத்த வரியில் அதையும் எழுதிக்கொண்டேன்.